பானையும் வியர்க்கிறது, டம்ளரும் வியர்க்கிறது: சோதனை ‘தோற்றுப்போன’ வகுப்பில் அடுத்து என்ன செய்வது?

கரும்பலகை_7ஆ (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு மதிய உணவு வேளையில் ஒரு மாணவி என்னிடம் ஒரு சந்தேகத்துடன் வந்தாள். வீட்டில் மண்பானையின் வெளிப்புறம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறமும் அப்படியே ஈரமாகிறது. இரண்டையுமே ‘வியர்க்கிறது’ என்றுதான் பாட்டி சொல்கிறார். பானைக்குள் இருக்கும் நீர் கசிந்து வெளியே வருகிறது என்றால் டம்ளரும் கசிகிறதா என்பது அவளுடைய கேள்வி. பக்கத்தில் இருந்த இன்னொருவன், டம்ளரில் ஓட்டையே இல்லை என்பதால் அது கசிய முடியாது என்றும், அப்படியானால் பானையும் கசியவில்லை, இரண்டுக்கும் காரணம் குளிர்ச்சிதான் என்றும் வாதிட்டான். குளிர்ந்ததால் வியர்த்ததா, வியர்த்ததால் குளிர்ந்ததா என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

விடையைக் கரும்பலகையில் எழுதிவிட ஐந்து நிமிடம் போதும். அப்படிச் செய்ய மனம் வராமல், சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒரு புதிய மண்பானை, ஒரு எவர்சில்வர் குடம், இரண்டிலும் தலா 4 லிட்டர் தொட்டித் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு வெப்பநிலைமானி. வகுப்பறையின் ஓரத்தில் பெஞ்சின் மீது, நீர் சிந்தாமல் இருக்கப் பிளாஸ்டிக் தட்டில் வைத்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கி அரை மணிக்கு ஒரு முறை அளந்தோம். அன்று மேகமூட்டமான நாள். பன்னிரண்டு மணிக்குப் பானையில் 29 டிகிரி, குடத்தில் 29 டிகிரி. பானை குளிரவே இல்லை.

நாற்பது பிள்ளைகளும் குறிப்பேட்டில் ‘மண்பானை தண்ணீரைக் குளிர்விக்காது’ என்று முடிவு எழுதிவிட்டார்கள். அவர்கள் கண்ட அளவீட்டின்படி அந்த முடிவில் தவறு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ‘நீங்கள் அளந்தது தவறு, புத்தகத்தில் இருப்பதுதான் சரி’ என்று நான் சொன்னால், அடுத்த முறை சோதனை செய்யச் சொல்லும்போது யாராவது மனதார அளப்பார்களா? சொல்லாமல் விட்டால் தவறான கருத்துடன் எட்டாம் வகுப்புக்குப் போவார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

---

தராசுமுள்

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சோதனை தோற்கவில்லை. அது ஒரு விடையைத் தந்திருக்கிறது, எந்தக் கேள்விக்கான விடை என்பதைத்தான் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ‘அந்தப் பானை, அந்த இடத்தில், அந்த நாளில், இரண்டு மணி நேரத்தில் குடத்தைவிட அதிகமாகக் குளிரவில்லை’ என்பது உண்மை. பிள்ளைகள் எழுதிய முடிவில் இந்த நான்கு நிபந்தனைகளும் விடுபட்டுப் போயின, அவ்வளவுதான். முடிவை அடிக்கச் சொல்லாதீர்கள். அதன் முன்னால் இந்த நிபந்தனைகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு நிபந்தனையையும் மாற்றினால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

அதற்கு முன்பு ஒரு வேலை உண்டு. இரண்டு வெப்பநிலைமானிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். பள்ளிகளுக்கு வரும் விலை குறைந்த வெப்பநிலைமானிகள் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு டிகிரி வேறுபடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். பானையில் இருந்தது இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும் கருவி என்றால், உங்கள் பானை உண்மையிலேயே குளிர்ந்திருந்தும் நீங்கள் அதைக் கண்டிருக்க முடியாது. (பாதரச வெப்பநிலைமானி இருந்தால் அதை அலமாரியிலேயே பூட்டி வையுங்கள், பிள்ளைகளின் கைக்குச் சிவப்புச் சாராயம் நிரப்பியதே போதும்.)

அடுத்தது அந்த மாணவியின் கேள்வி. அவள் கேட்டது வெப்பநிலையைப் பற்றி அல்ல, நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி. அதற்கு வெப்பநிலைமானி விடை சொல்லாது, தராசு சொல்லும். பானையின் ஈரம் உள்ளிருந்து வந்து காற்றில் போகிறது என்றால் பானையின் எடை குறைய வேண்டும். டம்ளரின் ஈரம் வெளிக்காற்றிலிருந்து வந்து படிகிறது என்றால் டம்ளரின் எடை கூட வேண்டும். இரண்டு கட்சிகளையும் முதலில் தத்தம் கணிப்பை எழுதிக் கையெழுத்திடச் சொல்லிவிட்டு, பிறகு நிறுத்துப் பாருங்கள். சமையலறைக்கு விற்கப்படும் மின்னணுத் தராசுகளில் பத்துக் கிலோ வரை தாங்கி ஒரு கிராம் வரை காட்டுபவை எளிதாகக் கிடைக்கின்றன. டம்ளரை ஒரு தட்டால் மூடிவிடுங்கள், மேற்புறத்தில் ஆவியாவது கணக்கைக் குழப்பாமல் இருக்கும். வழிந்த துளிகள் தராசிலேயே தங்கும்படி டம்ளரை ஒரு கிண்ணத்தோடு சேர்த்து நிறுங்கள். டம்ளருக்குள் இருக்கும் நீரில் நான்கு சொட்டு நீல மை விட்டு வைத்தால், வெளியே படியும் துளிகள் நிறமற்று இருப்பதையும் கண்ணாலேயே காணலாம்.

மின்னணுத் தராசு கிடைக்காவிட்டால் இன்னும் நல்லது என்றே சொல்வேன். ஒரு மூங்கில் கம்பின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையில் நீர் நிரம்பிய சிறு மண்கலயத்தையும் மறு முனையில் அதே எடை வருமாறு நீர் ஊற்றி மூடிய எவர்சில்வர் தூக்கையும் மாட்டி, காலையில் கம்பு கிடைமட்டமாக நிற்கச் செய்துவிட்டுப் பாடம் நடத்துங்கள். மதியத்துக்குள் கலயத்தின் பக்கம் மேலே ஏறியிருக்கும். எண்களைப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் அது புரியும்.

ஆசிரியருக்கு மட்டுமான ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அறை வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 லிட்டர் நீரின் வெப்பநிலை 1 டிகிரி குறைய 4.2 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஆகவே உங்கள் 4 லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிர்வதற்கு ஏழு கிராம் நீர் ஆவியானால் போதும் என்று கணக்கு வருகிறது. ஆனால் பானை குளிரக் குளிர, சுற்றியுள்ள காற்று அதற்குள் வெப்பத்தைத் திணித்துக்கொண்டே இருக்கும். ஆகவே உண்மையில் அதைவிடக் கூடுதலான நீர் செலவாகும். எடை எவ்வளவு குறைந்தது, வெப்பநிலை எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் அளந்தால், ஆவியான நீர் எடுத்துச்சென்ற வெப்பத்தில் எவ்வளவு பங்கு தண்ணீரிலிருந்து வந்தது, எவ்வளவு பங்கு அறைக் காற்றிலிருந்து வந்தது என்றுகூடப் பிரித்துப் பார்க்கலாம். ஏழாம் வகுப்புக்கு இது வேண்டாம். உங்கள் அளவீடு நம்பத் தகுந்ததா என்று நீங்கள் சரிபார்த்துக்கொள்ள உதவும்.

---

வைகைக்கரை

மானாமதுரைப் பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் குடும்பம் எங்களுடையது. படித்து வேறு வேலைக்குப் போய்விட்டாலும் சூளை வேலை தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஆசிரியை அவர்கள் ‘புதிய பானை’ என்று எழுதியதைப் படித்ததுமே எனக்குக் காரணம் பாதி தெரிந்துவிட்டது. கடையிலிருந்து வாங்கி வந்த பானையில் உடனே நீர் ஊற்றினால், முதலில் பானையின் சுவர்தான் அந்த நீரைக் குடிக்கும். சுவர் முழுவதும் ஊறி, வெளிப்புறம் ஈரம் கண்ட பிறகுதான் குளிர்ச்சி தொடங்கும். பானை வாங்கினால் ஒரு நாள் முழுவதும் நீரில் அமிழ்த்தி வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் புழக்கத்துக்கு எடுப்போம்.

இரண்டாவதாக, நீங்கள் வாங்கிய பானையில் பெயின்ட் அடித்திருந்ததா என்று பாருங்கள். பளபளப்பாக இருந்தால்தான் வாங்குகிறார்கள் என்பதற்காக இப்போது பூ வரைந்து வண்ணம் பூசி விற்கிறார்கள். எனாமல் பெயின்ட் பூசிய இடத்தில் நீர் வெளியே வர வழி இல்லை. அது அழகுக்கான பானை, தண்ணீருக்கானது அல்ல. செம்மண் கரைசல் பூசிச் சுட்ட சிவப்பு நிறம் வேறு. அதில் தடை இல்லை.

பானை எவ்வளவு கசியும் என்பது மண்ணோடு சேர்த்த மணலின் அளவிலும் சூளையின் சூட்டிலும் இருக்கிறது. சூடு மிகுந்தால் மண் இறுகி நுண்துளைகள் அடைபடும், தட்டினால் ஓசை கணீரென்று வரும், ஆனால் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. சூடு குறைந்தால் நன்றாகக் கசியும், சீக்கிரம் உடையும். இதற்கு நடுவே பதம் பார்த்து நெருப்பை நிறுத்துவதுதான் கைப்பழக்கம்.

பிள்ளைகள் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். வெயிலில் நன்றாகக் காய்ந்த பானையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, வெளியே எடுத்து, ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பானையின் சுவர் குடித்த நீர். இதே சோதனையை உடைந்த ஓடு, செங்கல், பூந்தொட்டி, பீங்கான் கோப்பை என்று எதை வைத்தும் செய்யலாம். கட்டட வேலைக்கு வரும் சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரைக் குடிக்கக் கூடாது என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. கொத்தனார் ஒருவரைக் கேட்டால் அவரும் செங்கல்லை நீரில் போட்டுப் பார்க்கும் கதையைச் சொல்வார்.

பழைய பானை சில ஆண்டுகளில் ‘குளிர்ச்சி செத்துவிட்டது’ என்பார்கள். நீரில் உள்ள உப்பு வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நுண்துளைகளை அடைத்துவிடுவதுதான் அதற்குக் காரணம். தேங்காய் நார் கொண்டு தேய்த்தால் ஓரளவு மீளும். சோப்புப் போடக் கூடாது, அதன் வாடை சுவருக்குள் தங்கிவிடும்.

---

நேரமில்லாதவன்

ஆசிரியையின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் நடைமுறையையும் யாராவது சொல்ல வேண்டும். ஒரு பாடவேளை 45 நிமிடம். நானும் இதே வகுப்புகளுக்குத்தான் கற்பிக்கிறேன். பானையை ஒரு நாள் ஊறவைத்து, தராசு கொண்டுவந்து, நாள் முழுவதும் அளந்து, தோற்றால் மறுபடி செய்து, கடைசியில் ‘ஆவியாதல் குளிர்ச்சியை ஏற்படுத்தும்’ என்ற ஒரே வரிக்கு இரண்டு வாரம் செலவிட்டால், மீதிப் பாடங்களை யார் முடிப்பது? தேர்வில் அந்த ஒரு வரியை எழுதினால்தான் மதிப்பெண். நாற்பது பிள்ளைகளில் ஐந்து பேர் அளப்பார்கள், முப்பத்தைந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

---

மாடிப்படி_ஆய்வகம்

நேரமில்லாதவன் அவர்கள் எழுப்பிய தடை உண்மையானது. அதை ஆர்வமின்மை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நான் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் நிகழ்ச்சிகளில் தன்னார்வலராகப் பல ஆண்டுகள் இருந்தவன். பள்ளிக்கு வெளியே, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்ய வரும் சிறு குழுக்களோடு வேலை செய்வது எளிது. 1993 முதல் நடக்கும் அந்த மாநாட்டில் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். அங்கே மணி அடிக்காது. வகுப்பறையில் மணி அடிக்கும்.

ஆனால் அரசுப் பள்ளியில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு, பாடவேளைக்கு உள்ளேயே இதைச் செய்து காட்டிய முன்னுதாரணம் நம் நாட்டில் உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு அமைப்புகள் தொடங்கியதை, 1982இல் உருவான ஏகலவ்யா என்ற அமைப்பு பிறகு ஏற்று நடத்தியது. பிள்ளைகளுக்குத் தரப்பட்ட ‘பால் வைஞானிக்’ என்ற பயிற்சி நூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. பிள்ளைகள் நான்கு நான்கு பேராக அமர்ந்து சோதனை செய்து, கண்டதைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள். விடை நூல் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் குறிப்பேடுதான். தேர்வையும் அதற்கேற்ப மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. நேரமில்லாதவன் சொல்லும் முட்டுக்கட்டை தேர்வில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். 2002இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை நிறுத்த ஓர் ஆணை போதும் என்பதும் அதிலிருந்து நாம் கற்க வேண்டியதுதான்.

தேர்வை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் வேடிக்கை பார்க்கும் முப்பத்தைந்து பேரைக் குறைக்கலாம். நாற்பது பேருக்கு ஒரு பெரிய பானை என்றால் அது வேடிக்கைதான். நான்கு பேருக்கு ஒரு சிறு கலயம் என்றால் ஆளுக்கு ஒரு வேலை வந்துவிடும். தயிர் விற்கும் மண் கலயங்கள் மலிவாகக் கிடைக்கும். பத்துக் குழு இருப்பதால் பத்து நிபந்தனைகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரு குழு ஊறவைத்த கலயம், ஒரு குழு ஊறவைக்காதது, ஒரு குழு வெளிப்புறம் முழுவதும் பெயின்ட் பூசியது, ஒரு குழு ஈர மணலின் மீது வைத்தது, ஒரு குழு சன்னலோரக் காற்றில், ஒரு குழு மூடிய அலமாரிக்குள் என்று பிரித்துவிட்டால், காலை வழிபாட்டுக்குப் பிறகு ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை அளப்பதற்கு மொத்தமே பதினைந்து நிமிடம்தான் ஆகும். கலயம் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் கணக்குப் பாடமே நடத்தலாம்.

ஒவ்வொரு குழுவும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் முதல் சோதனையில் குற்றம் சொல்ல வேண்டுமானால் இங்கேதான் சொல்ல வேண்டும். ஊறாத பானை, காற்றில்லாத அறை, மேகமூட்டம், அடியில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தட்டு, நாற்பது பேரின் மூச்சுக்காற்று என்று இத்தனையும் சேர்ந்திருந்ததால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது.

இன்னொரு சிறு கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெப்பநிலைமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ண நீரில் தொங்கும்படி கட்டி, விசிறியால் வீசுங்கள். அது இறங்கி எங்கே நிற்கிறதோ, அதற்குக் கீழே அந்த இடத்தில் எந்தப் பானையாலும் போக முடியாது. வானிலை ஆய்வாளர்கள் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். எடுத்துக்காட்டாக, 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அது 24 டிகிரிக்கு அருகில் நிற்கும்; 34 டிகிரியே ஆனாலும் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 29 டிகிரிக்குக் கீழே இறங்காது.

---

நாகைக்காற்று

இந்த உரையாடலைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பள்ளியில் மண்பானைத் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு பெருமையாகப் பேசுவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. நாகப்பட்டினத்தில் கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். ஈரோட்டு ஆசிரியை சம்மதித்தால், ஒரே நாளில், ஒரே முறையில் இரண்டு வகுப்புகளும் அளந்து எண்களைப் பரிமாறிக்கொள்ளலாம். பானைக்கு 4 லிட்டர் தண்ணீர். காலை பத்து முதல் மாலை மூன்று வரை. ஐஸ் டம்ளருக்கு இருபது நிமிடம். டம்ளரின் அளவும் ஐஸின் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். சம்மதமா டீச்சர்?

---

கரும்பலகை_7ஆ

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாதவன் ஐயாவுக்கும் சேர்த்துத்தான். அவர் எழுதியதைப் படித்த பிறகே ஒரு பெரிய பானையை விட்டுவிட்டுக் குழுவுக்கொரு கலயம் என்று முடிவு செய்தேன்.

முதலில் வெப்பநிலைமானிகளை ஒரே வாளியில் நிறுத்தினோம். நான்கில் ஒன்று மற்றவற்றைவிட 2 டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதுதான் அன்று பானையில் இருந்தது. வகுப்பில் எழுந்த கூச்சலை நான் அடக்கவில்லை. அந்த வெப்பநிலைமானியின் தலையில் ‘இரண்டைக் கழி’ என்று காகிதம் ஒட்டி அதையும் பயன்படுத்துவதென்று அவர்களே முடிவு செய்தார்கள். பானையில் பெயின்ட் இல்லை, ஆனால் ஊறவைக்கவே இல்லை. வைகைக்கரை அவர்கள் சொன்னபடி காயவைத்து நிறுத்து, ஊறவைத்து மறுபடி நிறுத்தபோது, அந்தப் பானையின் சுவர் 210 கிராம் நீரைக் குடித்திருந்தது.

பத்துக் குழுக்களின் விவரங்களையும் எழுதினால் நீளும். பெயின்ட் பூசிய கலயமும் எவர்சில்வர் தூக்கும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்தன. மூடிய அலமாரிக்குள் இருந்த கலயம் முதலில் இறங்கிப் பிறகு நின்றுவிட்டது. சன்னலோரத்துக் கலயம் எல்லாவற்றையும்விடக் குளிர்ந்தது. ஈர மணல் குழுவுக்கு மட்டும் விடை தெளிவாக வரவில்லை, மணலை எவ்வளவு நனைப்பது என்று அவர்களுக்குள் சண்டை வந்து இரண்டு முறை நீர் ஊற்றிவிட்டார்கள். மூங்கில் கம்புத் தராசு மதியம் ஒன்றரை மணிக்குக் கலயத்தின் பக்கம் மேலேறியதைப் பார்க்க ஆறாம் வகுப்பும் வாசலில் வந்து நின்றது.

நாகைப் பள்ளியோடு சேர்ந்து அளந்த நாளின் எண்கள் இவை. இங்கே அறைக் காற்று 36 டிகிரி, ஈரத்துணி வெப்பநிலைமானி 24 டிகிரி. பெரிய பானையின் தண்ணீர் 33 டிகிரியிலிருந்து 27.5 டிகிரிக்கு இறங்கியது, எடையில் 110 கிராம் குறைந்தது. எவர்சில்வர் குடத்தின் தண்ணீர் 34.5 டிகிரிக்கு ஏறியது. ஐஸ் டம்ளர் இருபது நிமிடத்தில் 2 கிராம் கூடியது.

தராசுமுள் ஐயா, உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 110 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 265 கிலோஜூல் வேண்டும். தண்ணீர் 5.5 டிகிரி குளிர்ந்ததால் கிடைத்தது 92 கிலோஜூல்தான். மீதி அறைக் காற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. இது சரியா?

---

தராசுமுள்

சரிதான் அம்மா. பானையின் சுவர் குடித்து வைத்திருந்த நீரும் மண்ணும் குளிர்ந்ததைச் சேர்த்தால் உங்கள் 92 இன்னும் சற்றுக் கூடும், ஆனால் முடிவு மாறாது. பானை நாள் முழுவதும் அறையோடு போராடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அது 24 டிகிரிவரை போகாமல் 27.5 டிகிரியில் நின்றது.

---

நாகைக்காற்று

எங்கள் எண்கள்: அறைக் காற்று 32 டிகிரி, ஈரத்துணி 27.5 டிகிரி. பானையின் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்குத்தான் இறங்கியது. எடையில் குறைந்தது 40 கிராம். ஆனால் ஐஸ் டம்ளர் 4 கிராம் கூடியது.

எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம். ஈரோட்டுப் பானை ஜெயித்துவிட்டது என்றார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் டம்ளரில் நாம்தான் ஜெயித்திருக்கிறோம் என்றான். பானை நன்றாக வேலை செய்யும் ஊரில் டம்ளர் குறைவாக வியர்க்கிறது, டம்ளர் நன்றாக வியர்க்கும் ஊரில் பானை மந்தமாக இருக்கிறது என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. காற்றில் ஏற்கெனவே நீர் நிறைய இருந்தால் அது பானையிடமிருந்து வாங்கிக்கொள்ளாது, டம்ளருக்குத் தாராளமாகக் கொடுக்கும் என்று அவர்களே எழுதினார்கள். நான் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

---

கரும்பலகை_7ஆ

நாகைப் பிள்ளைகளின் அந்த வாக்கியத்தை என் வகுப்பில் படித்துக் காட்டினேன். முதலில் சந்தேகம் கேட்ட அதே மாணவி, பாட்டியிடம் இனி இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று சொல்லப் போவதாகச் சொன்னாள்: பானை ‘கசிகிறது’, டம்ளர் ‘பனிக்கிறது’. பனி படிவதும் அதுதானே என்று அவள் சொன்னபோது, நான் சொல்லித்தர இருந்த அடுத்த பாடத்தை அவளே தொட்டுவிட்டாள்.

அத்துடன் முடியவில்லை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச்செல்கிறது என்றால், ஆவி மறுபடி நீராகி டம்ளரில் படியும்போது அந்த வெப்பத்தை டம்ளருக்குக் கொண்டுவந்து விடாதா, அப்படியானால் நாகப்பட்டினத்தில் ஐஸ் சீக்கிரம் உருகுமா என்று இன்னொருவன் கேட்டிருக்கிறான். அறைக் காற்றின் வெப்பநிலை இரண்டு ஊரிலும் ஒன்றாக இல்லாததால் நேரடியாக ஒப்பிட முடியாது என்று சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, ஒரே வகுப்பறையில் இரண்டு பெரிய கண்ணாடிப் பாட்டில்களை வைத்து, ஒன்றின் உட்சுவரில் மட்டும் ஈரத்துணியை ஒட்டிக் காற்றை ஈரமாக்கி, இரண்டிலும் ஒரே அச்சில் உறைந்த ஐஸ் கட்டியைத் தொங்கவிடலாம் என்கிறான். ஈரத்துணி உள்ளே இருக்கும் காற்றையும் சற்றுக் குளிர்வித்துவிடுமே, அதை என்ன செய்வது என்று இப்போது அவர்கள் குழுவில் விவாதம் நடக்கிறது. வாய் அகன்ற பெரிய பாட்டில் இரண்டு தேடிக்கொண்டிருக்கிறோம். ஊறுகாய் பாட்டில் சரிப்படுமா என்று யாராவது முயன்றிருந்தால் சொல்லுங்கள்.